முதியோர் பக்கத்தை யாருக்காக அச்சிடுகிறீர்கள்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இணைப்பில் வரும் முதியோர் பக்கத்தைப் பற்றி எழுதுகிறேன். அதைப் படிக்க முதலில் ஜன்னலோரம் போய் உட்கார வேண்டியிருக்கிறது. வெளிர்நீலப் பின்னணி, அதன்மேல் சாம்பல் நிறத்தில் பொடி எழுத்து. பக்கத்தை வடிவமைக்கும் தம்பிக்கு 25 வயதுக்கு மேல் இருக்காது என்று நினைக்கிறேன். 60 வயதுக் கண்ணுக்குள் போய்ச் சேரும் வெளிச்சம், 20 வயதுக் கண்ணுக்குள் போவதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். கண்மணி சுருங்கிவிடுகிறது, லென்ஸ் மஞ்சளடித்துவிடுகிறது. மஞ்சளடித்த லென்ஸுக்கு வெளிர்நீலமும் சாம்பலும் ஒன்றுபோலத்தான் தெரியும். அதே இணைப்பில் சினிமாப் பக்கத்தைப் பார்க்கிறேன்: வெள்ளையில் கறுப்பு, பெரிய எழுத்து, பளிச்சென்று இருக்கிறது. அதனால் சினிமாப் பக்கத்தை முழுசாகப் படித்துவிடுகிறேன். உங்கள் புண்ணியத்தில் எல்லா நடிகர்களின் சம்பளமும் எனக்கு மனப்பாடம்.

எழுத்தை விடுங்கள். போன வாரக் கட்டுரை, அந்திமக் காலத்தில் அமைதி காண்பது எப்படி என்று. குறைவாகப் பேசு, குறைவாகச் சாப்பிடு, பிள்ளைகள் விஷயத்தில் மூக்கை நுழைக்காதே, எதையும் எதிர்பார்க்காதே, கோயிலுக்குப் போ. கூடவே ஒரு படம். சுருக்கம் விழுந்த இரண்டு கைகள் ஒரு கம்பைப் பிடித்திருக்கின்றன. ஆளுக்கு முகம் கிடையாது. இதே படத்தை மூட்டுவலிக் கட்டுரைக்கும் போட்டீர்கள், உயில் எழுதுவது பற்றிய கட்டுரைக்கும் போட்டீர்கள்.

அந்த அறிவுரையெல்லாம் தப்பு என்று சண்டைக்கு வரவில்லை. யாரை நினைத்து எழுதினீர்கள் என்றுதான் கேட்கிறேன். எனக்கு 68 வயது. ஆனால் பேப்பரைப் பிரித்துப் படிக்கிறவள் 68 வயதுக்காரி இல்லை. அவளுக்கு முப்பதுதான் இருக்கும். அவளிடம் போய் அந்திமக் காலம் என்றால், பக்கத்து வீட்டு விலாசத்துக்கு வந்த தபால் என்று நினைத்து எடுத்து வைத்துவிடுவாள்.

நான் 1979-ல் தபால் தந்தித் துறையில் டெலிபோன் ஆப்பரேட்டராகச் சேர்ந்தவள். தபாலும் தொலைபேசியும் அப்போது ஒரே துறை, 1985-ல்தான் பிரித்தார்கள். ஊர் விட்டு ஊர் பேச டிரங்க் கால் பதிந்துவிட்டுக் காத்திருந்த காலம். சாதா, அர்ஜண்ட், லைட்னிங் என்று மூன்று தினுசு. லைட்னிங் என்றால் எட்டு மடங்கு கட்டணம். கல்யாணம் நின்றாலோ உயிர் போனாலோதான் அதைக் கேட்பார்கள். காதில் ஹெட்செட், எதிரே ஸ்விட்ச்போர்டு, இரண்டு கையிலும் இணைப்புக் கொடுக்கும் கார்டு வயர். எம்.ஜி.ஆர். இறந்த 1987 டிசம்பர் 24 அன்று எனக்கு நைட் டியூட்டி. விடிவதற்குள் போர்டில் எரியாத விளக்கு இல்லை என்றாகிவிட்டது. யார் யாருக்கோ இணைப்புக் கொடுத்தேன். லைனிலேயே வாய்விட்டு அழுதவர்கள் உண்டு, 'பொய் சொல்லாதீங்க' என்று என்னைத் திட்டியவர்களும் உண்டு. பஸ் ஓடவில்லை, காலை டியூட்டிக்கு வர வேண்டியவர்கள் வர முடியவில்லை. மத்தியானம் வரை சீட்டை விட்டு எழுந்திருக்கவில்லை. அன்றைக்கு முதுகு வலித்ததா, கால் மரத்ததா என்று எவ்வளவு யோசித்தாலும் நினைவுக்கு வரவில்லை. உடம்பு என்று ஒன்று தனியாக இருப்பதே அந்த வயதில் தெரியாது.

அவள்தான் இன்னும் உள்ளே உட்கார்ந்திருக்கிறாள். ஆப்பரேட்டர் இல்லாமல் நேரடியாக வெளியூருக்குப் பேசும் எஸ்.டி.டி. வந்து போர்டு போய், 197 விசாரணைக்கும் 198 புகாருக்கும் எங்களை மாற்றி, பிறகு துறையே பி.எஸ்.என்.எல். ஆகி, நான் ஓய்வுபெற்று வீட்டுக்கும் வந்தாயிற்று. இன்றைக்கும் கனவில் நான் கிழவியாக வந்தது கிடையாது. போர்டு முன்னால் இருப்பேன், பின்னால் சூப்பர்வைசர் அம்மாவின் செருப்புச் சத்தம் கேட்கும், கையில் இருக்கும் கார்டை எந்த ஓட்டையில் செருகுவது என்று தெரியாமல் முழிப்பேன். இறந்துபோன தோழிகள்கூட அதில் கனகாம்பரம் வைத்துக்கொண்டுதான் வருகிறார்கள்.

இது எனக்கு மட்டும் உள்ள கோளாறோ என்று நினைத்ததுண்டு. இல்லையாம். டென்மார்க்கில் 20 வயது முதல் 97 வயது வரை உள்ள 1,470 பேரிடம் கேட்டுப் பார்த்து, டேவிட் ரூபின், டோர்த்தே பெர்ன்ட்சன் என்று இரண்டு உளவியலாளர்கள் 2006-ல் ஓர் ஆய்வு வெளியிட்டிருக்கிறார்கள். 25-க்குக் கீழே இருப்பவர்கள் தங்களைப் பெரியவர்களாக நினைத்துக்கொள்கிறார்கள். 40-ஐத் தாண்டியவர்கள் உள்ள வயதைவிடச் சுமார் 20 சதவீதம் குறைவாக உணர்கிறார்கள். என் வயதுக்குக் கணக்குப் போட்டால் 54 வருகிறது. டேனிஷ்காரர்களுக்கு அது சரியாக இருக்கலாம். 54-ல் எனக்கு முழங்கால் வலி ஆரம்பித்துவிட்டது. கிடைக்கிறதுதான் கிடைக்கிறது, அந்த வயதுக்குப் போய் என்ன செய்யப்போகிறேன்?

எல்லோருக்கும் இப்படி என்றும் சொல்ல மாட்டேன். என் வீட்டுக்காரர் கூட்டுறவு வங்கியில் 58-ல் ஓய்வு பெற்றார். மறுநாள் காலை எழுந்திருக்கும்போதே கிழவராக எழுந்தார். திருநெல்வேலி வெயிலில் மப்ளர் கட்டிக்கொண்டு பால் வாங்கப் போகிற மனிதர் இவர் ஒருவராகத்தான் இருப்பார். 'நமக்கென்னளா இனி' என்பதை ஒரு நாளைக்கு எத்தனை தடவை சொல்வார் என்று கணக்கில்லை. அவருக்கு உள்ளேயும் வெளியேயும் ஒரே வயது, நிம்மதியாக இருக்கிறார். உங்கள் பக்கம் அவருக்குத்தான் என்றால் சரி. ஆனால் அவர் முதியோர் பக்கம் படிப்பதில்லை, ராசிபலன் மட்டும்தான்.

உள்ளே இளமையாக இருப்பதை ஏதோ நற்பண்பு மாதிரி நினைத்துவிட வேண்டாம். நல்லதும் கெட்டதும் சேர்ந்தேதான் உள்ளே உட்கார்ந்திருக்கின்றன. சீனியாரிட்டி பட்டியலில் எனக்குப் பின்னால் இருந்தவளுக்கு முதலில் பதவி உயர்வு கொடுத்தார்கள். அந்த ஆத்திரம் இன்றுவரை ஆறவில்லை. அவளுக்கு இப்போது இரண்டு முழங்காலும் மாற்றியாகிவிட்டது, பாவம். போய்ப் பார்த்தேன், ஹார்லிக்ஸ் வாங்கிக்கொண்டு போனேன், ஆறவில்லை. ஜவுளிக்கடைக்குப் போனால், நான் வாயைத் திறப்பதற்குள் அங்குள்ள பையன், 'அம்மாவுக்கு லைட் கலர் எடுத்துப் போடுப்பா' என்கிறான். சந்தனம், சாம்பல், வெங்காயத் தோல் என்று அடுக்குகிறார்கள். எனக்கு மயில்கழுத்து நிறம் வேண்டும், அரக்கில் கரை வேண்டும். கேட்டால் 'யாருக்கும்மா, மகளுக்கா?' என்பான். மகளுக்குத்தான் என்று சொல்லி வாங்கி வந்து நானே கட்டிக்கொள்கிறேன். வீட்டுக்காரர் பார்த்துவிட்டு, 'ஏளா, இந்த வயசுல இது என்ன கலரு' என்றார். மப்ளர் கட்டியவரிடம் பேஷன் கேட்கும் நிலையில் நான் இல்லை.

குரல் வேறு இருக்கிறது. அதற்கும் வயதாகும். குரல்நாண் மெலியும், பெண்களுக்கு மாதவிடாய் நின்ற பிறகு குரல் கொஞ்சம் தடிக்கும். எனக்கு மட்டும், வேலைப் பழக்கமோ என்னவோ, போனை எடுத்தால் பழைய குரல் தானாக வந்துவிடுகிறது. ஒருநாள் கூரியர் தம்பி போனில் 'மேடம், மேடம்' என்று வழி கேட்டுக்கொண்டே வந்தார். கேட்டைத் திறந்தேன். என்னைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்தார்.

'ஆச்சி, மேடம் இல்லையா? ஓ.டி.பி. சொல்லணும்.'

'நான்தாம்ப்பா மேடம்.'

'இல்ல ஆச்சி, இப்பதான் போன்ல பேசினாங்களே, அவங்க.'

ஓ.டி.பி.யை நான் சொல்லச் சொல்ல அவர் அடித்துக்கொண்டார். போகும்போதும் முகத்தில் சந்தேகம் தெளியவில்லை. நாள்முழுக்க அதை நினைத்து நினைத்துச் சிரித்தேன். ராத்திரிதான் கொஞ்சம் என்னவோபோல இருந்தது.

வெளியே வயதாகிவிட்டது என்கிற செய்தி எனக்கு எப்போதும் வெளி ஆட்களிடமிருந்துதான் வருகிறது, அல்லது மெஷினிலிருந்து. ரேஷன் கடையில் விரலை வைத்தால் பதியாது. வயதாக ஆக விரல்நுனித் தோல் மெலிந்து ரேகையின் மேடுகள் தட்டையாகிவிடுகின்றன. 'அடுத்த விரல் வைங்க ஆச்சி, துடைச்சிட்டு வைங்க' என்று பத்து விரலும் பார்த்தாகும், பின்னால் வரிசை முணுமுணுக்கும். கண்விழியைப் பார்க்கும் கருவி வந்தபிறகு அந்தப் பாடு கொஞ்சம் குறைந்திருக்கிறது. பென்ஷனுக்கு வருஷா வருஷம் உயிரோடு இருப்பதாகச் சான்று கொடுக்க வேண்டும். இப்போது செல்போனில் முகத்தைக் காட்டினால் போதும். கண்ணைச் சிமிட்டச் சொல்கிறது, சிமிட்டினால் உயிரோடு இருப்பதாக ஒப்புக்கொள்கிறது. வீட்டில் இதைவிடக் கஷ்டமான நிரூபணமெல்லாம் கேட்கிறார்கள்.

ரயில்வேக்கு ஒரு தனிக் கணக்கு. 45 வயதான பெண்ணுக்குக் கீழ்ப்படுக்கை ஒதுக்கீட்டில் இடம் உண்டு. 58 ஆனால் கட்டணத்தில் பாதி சலுகை இருந்தது, ஆண்களுக்கு 60-ல் 40 சதவீதம். 2020 மார்ச்சில் அந்தச் சலுகையை நிறுத்தினார்கள், இன்னும் திரும்பி வரவில்லை. என்னை முழுசாக இளையவளாக மதித்து முழுக்கட்டணம் வாங்குவது இந்த நாட்டில் ரயில்வே ஒன்றுதான்.

இனி உங்கள் பக்கம் சொல்லாமல் விடுகிற விஷயத்துக்கு வருகிறேன். உள்ளே ஒரு வயதும் வெளியே ஒரு வயதுமாக இருப்பதில் ஆபத்தும் இருக்கிறது. என் அக்காவுக்கு 74 வயது, தென்காசியில் இருக்கிறாள். தீபாவளிக்கு முறுக்கு உரலை எடுக்க முக்காலி மேல் ஏறிப் பரணில் கைவிட்டாள். அவள் ஏறியது 30 வயதில். விழுந்ததுதான் 74-ல். மணிக்கட்டு முறிந்து மாவுக்கட்டு. 'கால் வழுக்குறது தெரிஞ்சுதுளா, சமாளிச்சிரலாம்னு நினைச்சேன், அதுக்குள்ள கீழ கிடக்கேன்' என்றாள். அவள் சொன்னதில் ஒரு அறிவியலே இருக்கிறது. தசையில் இரண்டு வகை நார் உண்டு. மெதுவாக வேலை செய்து நெடுநேரம் தாங்குவது ஒன்று, வெடுக்கென்று இயங்குவது இன்னொன்று. வயதாகும்போது அதிகம் நலிவது இந்த இரண்டாவது வகை. அதனால் வ.உ.சி. மைதானத்தை நான்கு சுற்று நடக்க முடிகிற ஆளால், கால் இடறுகிற அந்த நொடியில் அடுத்த காலை முன்னால் எடுத்து வைக்க முடிவதில்லை.

விழுந்த பிறகு நடந்ததுதான் எனக்குத் தாங்கவில்லை. அக்கா பிள்ளைகள் முக்காலியை ஒளித்து வைத்தார்கள். மொட்டைமாடிக் கதவுக்குப் பூட்டு. துணி காயப்போட வேண்டாம், கோலம் போடக் குனிய வேண்டாம், 'சும்மா உக்காருங்கம்மா'. பாசத்தில்தான் செய்தார்கள், அந்தப் பிள்ளைகள் தங்கம். ஆனால் மூன்று மாதத்தில் அக்காவுக்கு நாற்காலியை விட்டு எழுந்திருக்கக் கைத்தாங்கல் தேவைப்பட்டது. மணிக்கட்டு கூடிவிட்டது, தொடை போய்விட்டது. சும்மா இருந்தால் தசை கரையும். 30 வயதுக்கு மேல் பத்தாண்டுக்கு 3 முதல் 8 சதவீதம் வரை தசை குறைகிறது என்றும், 60-க்கு மேல் அந்த வேகம் கூடுகிறது என்றும் மருத்துவர்கள் சொல்கிறார்கள். படுக்கையிலும் நாற்காலியிலும் போட்டுவைத்தால் கேட்கவே வேண்டாம்.

அதற்கு நேர்மாறான செய்தியும் உண்டு, உங்கள் பக்கத்தில் அதை நான் பார்த்ததில்லை. மரியா ஃபியடரோன் என்ற மருத்துவர் 1990-ல் அமெரிக்க மருத்துவ இதழில் எழுதியது. பாஸ்டனில் முதியோர் காப்பகத்தில் இருந்த 86 முதல் 96 வயது வரையான பத்துப் பேர். அவர்களுக்கு எட்டு வாரம் காலால் எடை தூக்கும் பயிற்சி. ஒரு கிலோ, அரைக் கிலோ வேடிக்கையெல்லாம் இல்லை, அவரவர் சக்திக்கு உண்மையிலேயே கனமான எடை. கால் வலு சராசரியாக 174 சதவீதம் கூடியது. 90 வயதில் தசை வளரும் என்றால் 68-ல் வளராதா? அக்காவுக்கு இதைப் படித்துக் காட்டினேன். 'அமெரிக்காக்காரன் மாட்டுக்கறி திம்பான்' என்றாள். பிறகு பிசியோதெரபிக்குப் போனாள்.

ஒரு எளிய சோதனை சொல்கிறேன். கைப்பிடி இல்லாத நாற்காலியைச் சுவரோடு சேர்த்துப் போட்டு, இரண்டு கையையும் மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு, 30 விநாடிக்குள் எத்தனை தடவை முழுசாக எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணிப் பாருங்கள். 65 முதல் 69 வயது வரையான பெண் 11-க்குக் கீழே, ஆண் 12-க்குக் கீழே என்றால் விழும் அபாயம் கூடுதல் என்பது அமெரிக்க நோய்த்தடுப்பு மையத்தின் கணக்கு. கையை ஊன்றித்தான் எழுந்திருக்க முடிகிறது என்றால் மதிப்பெண் பூஜ்யம். தனியாகச் செய்ய வேண்டாம், யாராவது பக்கத்தில் நிற்கட்டும். வீட்டுக்காரரைச் செய்யச் சொன்னேன். மப்ளரைக் கழற்றாமலேயே பதினான்கு எழுந்தார். எனக்கு ஒரு பக்கம் பெருமை, ஒரு பக்கம் எரிச்சல், நான் அதைவிடக் குறைவு.

எனக்கு உள்வயதும் வெளிவயதும் கொஞ்சம் நெருங்கி வருகிற இடம் தண்ணீர். குறுக்குத்துறையில் அப்பா கைமேல் கிடந்து நீச்சல் பழகியவள் நான். இப்போதும் கோடையில் தாமிரபரணியில் தண்ணீர் இறங்கியிருக்கும்போது மகளோடு போவேன். மார்பளவு தண்ணீரில் நின்றால் உடம்பின் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் காலில் இறங்கும். முழங்கால் வலி அங்கே இல்லை. முங்கி எழுந்தால் கை தானாக வீசுகிறது, கால் தானாக உதைக்கிறது, ஒன்றையும் மறக்கவில்லை. மூச்சுதான் சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது. பிரச்சினை ஆற்றில் இல்லை, படியில். பாசி பிடித்த படிக்கல்லில் இறங்கவும் ஏறவும் பிடித்துக்கொள்ள ஒன்றும் கிடையாது. எந்தப் படித்துறையிலாவது இடுப்பு உயரத்துக்கு ஒரு இரும்புக் கம்பி இருக்கிறதா? கம்பி போட என்ன செலவாகும்? ஆற்றைப் பற்றி எவ்வளவோ எழுதுகிறீர்கள், இதையும் ஒரு வரி எழுதுங்கள். டவுன் பஸ் முதல் படியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பெண்களுக்கு டிக்கெட் கிடையாது, 2021-லிருந்து சந்தோஷமாகப் போய்வருகிறேன். ஆனால் அந்தப் படி இருக்கும் உயரத்துக்கு, ஏற்றிவிட ஆள் வைத்துக்கொண்டுதான் பயணம் செய்ய வேண்டும்.

'வயசானா அப்படித்தான்' என்கிற ஒரு வாக்கியம் செய்கிற கெடுதலையும் எழுதியாக வேண்டும். டாக்டர் சொல்கிறார், பிள்ளைகள் சொல்கிறார்கள், பாதி நேரம் நாங்களே சொல்லிக்கொள்கிறோம். என்கூட வேலை பார்த்த ஒருத்திக்குப் பாதம் மரத்துப்போனது, பெயர்கள் மறந்தன, நடை தள்ளாடியது. வயசு என்று ஒரு வருஷத்துக்கு மேல் விட்டுவிட்டார்கள். வேறொரு டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்ததில் வைட்டமின் பி12 அடிமட்டத்தில் இருந்தது. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் நெடுங்காலமாகச் சாப்பிடுகிறவர்களுக்கு பி12 குறையக்கூடும், அவளும் பல வருஷமாகச் சாப்பிட்டு வருகிறாள், போதாததற்குச் சுத்த சைவம். ஊசி போட்டார்கள். பெயர்கள் திரும்பி வந்தன. பாதம் மட்டும் முழுசாகத் திரும்பவில்லை, தாமதமாகிவிட்டது.

என் விஷயம் காது. காதை வைத்துச் சம்பாதித்தவளுக்குக் காது போவதென்றால் சும்மாவா? வயதாகும்போது முதலில் போவது கீச்சுச் சத்தங்கள். பேச்சில் ச, ஸ, ஃப போன்ற ஒலிகள் அந்தப் பக்கம்தான் இருக்கின்றன, அதனால் சத்தம் கேட்கும், சொல் பிடிபடாது. பேத்தி பேசுவது புரியாது, மகன் பேசுவது புரியும். கத்திப் பேசினால் பிரயோசனம் இல்லை, மூஞ்சியைப் பார்த்து நிதானமாகப் பேசினால் போதும். பரிசோதனை செய்துகொண்டு கருவி வாங்கிவிட்டேன். 'காதுல மிஷின் மாட்டிக்கிட்டு எப்படி வெளிய போவ, நாலு பேர் பார்ப்பாங்களே' என்று நாத்தனார் கேட்டாள். எட்டு மணி நேரம் ஹெட்செட் மாட்டி உட்கார்ந்திருந்தவளிடம் கேட்கிற கேள்வியா இது? மறதிநோய் வர வாய்ப்பைக் கூட்டுகிற, ஆனால் நாம் கவனித்தால் சரிசெய்யக்கூடிய காரணங்களின் பட்டியலை லான்செட் என்ற மருத்துவ இதழின் குழு வெளியிட்டது. அதில் காது கேளாமையும் ஒன்று. கண்ணாடி போட யாரும் வெட்கப்படுவதில்லை, இதற்கு மட்டும் ஏன் என்று எனக்குப் புரியவில்லை.

உங்கள் பக்கத்தின் தொனியைப் பற்றி நான் ஏன் இவ்வளவு கவலைப்படுகிறேன் என்றால், அதற்கும் ஓர் ஆய்வு இருக்கிறது. பெக்கா லெவி என்ற பேராசிரியை 2002-ல் வெளியிட்டது. அமெரிக்காவின் ஒஹையோவில் ஒரு சிற்றூரில் 50 வயதைத் தாண்டிய 660 பேர் முதுமையைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்று முன்பே கேட்டு வைத்திருந்தார்கள். 23 ஆண்டுவரை அவர்களைத் தொடர்ந்து பார்த்ததில், முதுமையை நல்லவிதமாக நினைத்தவர்கள் மற்றவர்களைவிடச் சராசரியாக ஏழரை ஆண்டு கூடுதலாக வாழ்ந்திருக்கிறார்கள். நோயில்லாதவர்கள்தானே நல்லவிதமாக நினைப்பார்கள் என்று நீங்கள் கேட்கலாம், நானும் கேட்டேன். அவர்களுடைய அப்போதைய உடல்நிலை, பணவசதி எல்லாவற்றையும் கணக்கில் சேர்த்துப் பார்த்தும் வித்தியாசம் நின்றதாம். இது ஒன்றை வைத்து எல்லாம் முடிவாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஞாயிறுதோறும் முகமில்லாத இரண்டு கையைப் பார்த்துப் பார்த்து ஒருத்தி தன்னைப் பற்றி என்ன நினைத்துக்கொள்வாள்?

சில சமயம் மறுகோடிக்குப் போய்விடுகிறீர்கள். ஃபௌஜா சிங் படம் போட்டீர்கள். நூறு வயதில் 2011-ல் டொராண்டோ மாரத்தான் ஓடி முடித்தவர். கும்பிடத்தான் தோன்றுகிறது. ஆனால் நான் 42 கிலோமீட்டர் ஓடப்போவதில்லை, எங்கள் ஊர் வண்ணார்பேட்டையில் ரோட்டைக் கடக்க வேண்டும். அவருமே 2025 ஜூலையில் சொந்த ஊர்ப்பக்கம் சாலையைக் கடக்கும்போது கார் மோதித்தான் இறந்தார். அந்தச் செய்தியை உள்பக்கத்தில் சின்னதாகப் போட்டிருந்தீர்கள். கம்பைப் பிடித்த கைக்கும் மாரத்தான் வீரருக்கும் நடுவில் நாங்கள் கோடிக்கணக்கில் இருக்கிறோம்: பாதி மாடி ஏறி மூச்சு வாங்குகிறவர்கள், பேத்தியின் டான்ஸ் ஸ்டெப்பைக் கதவைச் சாத்திக்கொண்டு ஆடிப் பார்க்கிறவர்கள், கண்புரை எடுத்த மறுவாரம் மல்லிகைப்பூ இவ்வளவு வெள்ளையா என்று ஆச்சரியப்படுகிறவர்கள்.

அதனால் என் கோரிக்கை இது. அமைதிக் கட்டுரையை மாதத்துக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. மற்ற வாரங்களில், கையை ஊன்றாமல் எழுந்திருக்க எப்படிப் பழகுவது, விழுந்தால் எப்படிப் புரண்டு எதைப் பிடித்து எழுவது, ஒற்றைக் காலில் நிற்க எந்தச் சுவரைப் பிடித்துத் தொடங்குவது என்று படத்தோடு போடுங்கள். படத்தில் இருப்பவருக்கு முகம் இருக்கட்டும், சேலை பளிச்சென்று இருக்கட்டும். எந்த அரசு மருத்துவமனையில் எந்தக் கிழமை முதியோர் பிரிவு இருக்கிறது, காதுக் கருவிக்கு எங்கே விண்ணப்பிப்பது என்று மாவட்ட வாரியாக எழுதுங்கள். சமைப்பதையும் தைப்பதையும் தவிர வேறு ஏதாவது புதிதாகப் படிக்க 60-க்கு மேல் யார் சேர்த்துக்கொள்வார்கள் என்று விசாரித்துச் சொல்லுங்கள். எனக்கு ஹார்மோனியம் ஆசை, சொல்லிக்கொடுக்கிற இடத்தில் எல்லாம் ஆறு வயதுப் பிள்ளைகள் வகுப்பில்தான் உட்காரச் சொல்கிறார்கள். உட்கார்ந்துவிடுவேன், தரையில் உட்காரச் சொல்வதால்தான் தயக்கம்.

கடிதம் நீண்டுவிட்டது, சுருக்கித்தான் போடுவீர்கள் என்று தெரியும். மப்ளரை வேண்டுமானால் எடுத்துவிடுங்கள், நாற்காலிச் சோதனையில் கைவைக்காதீர்கள். வெள்ளையில் கறுப்பாக அச்சிடுங்கள். எழுதியது நான்தானா என்று உறுதிசெய்ய உங்கள் அலுவலகத்திலிருந்து கூப்பிடுவதாக இருந்தால், மாலை ஐந்திலிருந்து ஆறரை வரை கூப்பிட வேண்டாம். மைதானத்தில் இருப்பேன், அங்கே நான் போன் எடுப்பதில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற டெலிபோன் ஆப்பரேட்டர்,
பாளையங்கோட்டை.